எனக்கும் சேர்த்து ஆடிய ரத்தினத்துக்கு

பதினோரு வருஷம் மேடையில் எனக்குப் பெண்சாதியாகவும், மேடையை விட்டு இறங்கினால் தம்பியாகவும் இருந்த என் ரத்தினம்,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். உனக்கு ஒன்று எழுத ஏழு வருஷம் பிடித்திருக்கிறது. மேல்விலாசம் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லலாம். அதல்ல காரணம். உனக்கு எழுத உட்கார்ந்தால் உண்மையை எழுத வேண்டிவரும். அதற்குப் பயந்துகொண்டுதான் தள்ளிப் போட்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. சிராங்கூன் ரோட்டில் இப்போது குதிரையும் இல்லாமல் மாடும் இல்லாமல் டிராம் வண்டி ஓடுகிறது. தலைக்கு மேலே கம்பி, அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகிறது. நம் கொட்டகை இருந்த இடத்தில் அரிசி மண்டி வந்துவிட்டது. எருமைக் கொட்டில்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, நாற்றமும் குறையவில்லை. பந்தயத் திடல் பக்கம் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறார்கள். வெள்ளைத் துணியில் மனிதர்கள் அசைகிறார்கள். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, பெண்ணுக்குப் பெண்ணே வருகிறாள். நம் ஜாதிக்கு, அதாவது கூத்தாடி ஜாதிக்கு, இனிமேல் சோறு கிடையாது என்று வைத்துக்கொள்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிற நம் இளவட்டங்கள் இப்போது குதி தூக்கிய பூட்ஸ் போடுகிறார்கள். ஒன்றரை விரற்கடை உயரம் இருக்கும். சாயங்காலம் டக் டக்கென்று நடைபாதையில் போகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் கையிலிருக்கும் பேனாவை வைத்துவிட்டு அந்தக் குதிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பவளம் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆமாம், உன் பெண்டாட்டி பவளம்தான். கிராஞ்சியில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். கங்காணியிடம் பெயர் கொடுத்து, கப்பலேறி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். இப்போது உட்லண்ட்ஸ் வரைக்கும் ரயில் இருக்கிறது, அதில் ஏறி டவுனுக்கு வந்து, விசாரித்து விசாரித்து நடைபாதையில் நான் கடுதாசி எழுத உட்காரும் பெட்டியடிக்கு வந்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வழக்கமாகக் கடுதாசி எழுத வருகிறவள் என்று நினைத்து, "யாருக்கும்மா எழுதணும்?" என்று கேட்டேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அந்த லயத்தில், யாரோ ஒரு கதை சொன்னார்களாம். வெள்ளைக்காரத் துரைசாணி வேஷம் கட்டிக்கொண்டு, குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு, நடுரோட்டில் ஆடி விழுந்து செத்த ஒரு கூத்தாடியின் கதை. லயமே உருண்டு சிரித்திருக்கிறது.

"நானும் கூடச் சிரிச்சேன் அண்ணே. பொறவுதான் பேரைச் சொன்னாங்க," என்றாள் பவளம்.

அந்தக் கதையைக் கட்டியவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குச் சொல்லிவிடுகிறேன், நான்தான். எருமைக் கொட்டில் பால்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் பஜனைக் கூட்டத்தில் நான்தான் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டு முடிந்து வெற்றிலை போடும்போது, "ராஜபார்ட் ஐயா, அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். உன் நடையை நடந்து காட்டுவேன். நீ விழுந்ததையும் விழுந்து காட்டுவேன். எத்தனை தரம் காட்டினாலும் சிரிப்பார்கள். அந்தக் கதையில் நான் கிடையாது. என்னை எடுத்துவிட்டுத்தான் கதையையே கட்டினேன்.

இருந்ததை இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன், அதனால் ஊரும் கேட்கட்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் நாடகக் கம்பெனிக்கு இங்கே முதல் இரண்டு மாசம் கொட்டகை நிறைந்தது, மூன்றாவது மாசம் ஈ ஓட்டினோம். பக்கத்திலேயே மலாய்க்காரர்களின் நாடகக் கம்பெனி. அதில் பெண்களே பெண் வேஷம் கட்டினார்கள், சீமைக் கவுன், சீமைச் சப்பாத்து எல்லாம் போட்டு. நம் ஆட்களே அங்கேதான் போனார்கள். நம் வாத்தியார் விடுவாரா? கம்பெனிக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் நாடக ஆசிரியர், அவர்தான் பூசாரி. நாலே நாளில் ஒரு புது நாடகம் எழுதினார். நம் ஜமீன்தார் ஒருவர் சீமைக்குப் போய், அங்கே ராஜ சபையில் பிரபுவாகி, துரைசாணியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிற கதை. நீ துரைசாணி, நான் ஜமீன்தார்.

துரைசாணிக்குக் குதி உயர்ந்த சப்பாத்து வேண்டும், சரி. எனக்கும் வேண்டும் என்றார் பார், அதுதான் வினை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டு ஏலத்தில் வாத்தியாருக்கு ஒரு பழைய படம் கிடைத்திருந்தது. ஏதோ ஒரு சீமை ராஜா. செம்மறியாட்டைத் தலையில் கவிழ்த்தது போலச் சுருள் முடி, முழங்கால் வரை பட்டுக் காலுறை, காலில் சப்பாத்து. அந்தச் சப்பாத்துக்கு நாலு விரற்கடை குதி, ரத்தச் சிவப்பில். சீமையில் பெரிய மனுஷர்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கிறார்கள் என்று வாத்தியார் முடிவு கட்டிவிட்டார்.

எனக்குச் சந்தேகம். கடற்கரைத் திடலுக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க உலாவுகிற துரைமார்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவனுக்கும் அப்படிக் குதி இல்லை. எல்லாருக்கும் தட்டையாகத்தான் இருந்தது. திரும்பி வந்து சொன்னேன். "அவனுவ எல்லாம் கணக்கப்பிள்ளை ஜாதிடா. ராஜா ஜாதி கப்பலேறி இங்க வருமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த ராஜா எந்தக் காலத்தவரோ, செத்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ, கேட்க நமக்கு யார் இருந்தார்கள்?

சப்பாத்துத் தைத்த சீனக் கிழவரை நினைத்துப் பார்க்கிறேன். நம் இரண்டு பேர் காலையும் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்தார். சிரிக்கவில்லை. எத்தனை நேரம் நிற்கவேண்டும், ரோட்டிலா பலகையிலா என்று மட்டும் மலாயில் கேட்டார். பலகையில் என்று சொன்னாய். அதற்குத் தகுந்தாற்போலத்தான் தைத்துக் கொடுத்தார்.

ஆனால் பலகையில் ஏற விட்டால்தானே? மேடைப் பலகைக்குப் பூஜை போட்டால் அது சரஸ்வதி. செருப்புத் தோல் படக்கூடாது. இது ஊரறிந்த முறை. நாடகத்தன்று மட்டும் பலகைமேல் பாய் விரித்துக்கொள்ளலாம் என்று வாத்தியார் ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். அதுவரை பழகுவதெல்லாம் வெளியே மண்ணில்தான். எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால், பால்காரர்கள் உறங்குகிற உச்சி வெயிலில், நாம் இரண்டு ஆண்பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடை பழகினோம். உனக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. எனக்குக் கெண்டைக்கால் நடுங்கியது, குதி சேற்றில் புதைந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய்.

"குதியில நிக்காதீங்க அண்ணே. விரல்ல நில்லுங்க. குதி சும்மா கூட வரட்டும்."

சொல்லிக்கொடுத்தும் எனக்கு வரவில்லை. சேற்றில் வருமா என்று எனக்கு ஆத்திரம். ஒரு மத்தியானம், கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் சப்பாத்தோடு பலகைமேல் ஏறிவிட்டேன். நடந்தேன். நன்றாகவே வந்தது. இறங்கும்போது நீ திரையோரம் நின்றிருந்தாய். தண்ணீர் கொண்டுவந்து பலகையைக் கழுவினாய், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். குதி பதிந்த தடங்களை மட்டும் கழுவ முடியவில்லை. மெத்து மரம், நாலைந்து இடத்தில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகள் என்னுடையவை. இது இன்றுவரை உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

நோட்டீஸ் ஊர்வலத்தன்று காலையிலேயே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாட்டு வண்டியில் மேளமும் ஆர்மோனியமும், வண்டிக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் கால்நடையாக. அதுதான் விளம்பரமே: துரைசாணியும் பிரபுவும் சீமைச் சப்பாத்தில் நடக்கிறார்கள், வந்து பாருங்கள். நீ கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, குடையை விரித்து, ரோட்டில் இறங்கினாய். அந்தக் கூட்டம் வாயடைத்துப் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பால்காரக் கிழவர் நிஜத் துரைசாணி என்று நினைத்துத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆண் ஒருவன் அந்தச் சப்பாத்தில் ஊரறிய நடந்தது அதுதான் முதல் தடவை, ஊர் சிரிக்கவில்லை.

பிறகுதான் அவர்கள் கண் என் காலுக்கு வந்தது. முறுக்கு மீசை, ஜரிகைத் தலைப்பாகை, இடுப்பில் கத்தி, கீழே நாலு விரற்கடைச் சிவப்புக் குதி. பெண் வேஷத்தில் ஆண் பிள்ளை அதைப் போட்டால் அது வேஷம். மீசையோடு போட்டால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ஒரே சப்பாத்தாம்டா!" என்று எவனோ ஒருவன் எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். ரோடு முழுக்கச் சிரிப்பு. மீசையை அடகு வைத்தாயா என்றார்கள். தாலி கட்டியது யார், கட்டிக்கொண்டது யார் என்றார்கள். கரும்புச் சக்கை வந்து என் நெஞ்சில் விழுந்தது, பிறகு சாணி.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அது நான்தான். மேடையில் நாடிழந்து காடு போன ராஜாவாக எத்தனையோ தடவை நடித்து ஊரையே அழவைத்தவன், ரோட்டில் பத்துப் பேர் சிரித்ததைத் தாங்க முடியாமல், முச்சந்தி திரும்புகிற இடத்தில் வண்டியில் தாவி ஏறிவிட்டேன். சப்பாத்தைக் கழற்றி மேளக்காரர் காலடியில் தள்ளினேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அண்ணே, இறங்குங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்டம் விடவில்லை. பிரபுவைக் கீழே இறக்கு என்று வண்டியை மறித்தார்கள். ஒருவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். அப்போது நீ நடுரோட்டுக்கு வந்தாய். குடையை மடக்கினாய், பெண் குரலில், ஊருக்கே கேட்கும்படி சொன்னாய்.

"எம் புருஷனுக்குக் கால் வலிக்குதுங்க. அவருக்கும் சேத்து நானே ஆடிடறேன்."

ஆடினாய் ரத்தினம். என்னமாய் ஆடினாய். அந்தக் குதியில், அந்த ஈர மண்ணில். கூட்டம் என்னை மறந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்தவனும் கையை விட்டுவிட்டுத் தாளம் போட்டான். இடது குதி சாக்கடை ஓரத்துக் கல்லிடுக்கில் மாட்டியது. நீ இழுத்தாய், வரவில்லை, மல்லாக்க விழுந்தாய். எதிரே மூட்டை ஏற்றி வந்த கட்டைவண்டி நின்றால்தானே? சக்கரம் உன் கணுக்கால்மேல் ஏறி இறங்கியது. நீ அலறினாய். நான் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு கை தட்டினேன். நடிப்பு என்று நினைத்தேன். சத்தியமாக நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

காயத்தில் சாணிச் சேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று வாத்தியார் பயமுறுத்தினார். கால் போனால் ஸ்திரீபார்ட் போயிற்று, பிறகு பிச்சைதான் என்றார். நானும் ஆமாம் போட்டேன். ஆறாம் நாள் உனக்கு வாய் திறக்கவில்லை. கஞ்சி உள்ளே போகவில்லை. அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அதே நாளில்தான் வாத்தியார் கண்ணில் அந்தக் குழிகள் பட்டன. பலகைமேல் குதித் தடம். கம்பெனியைக் கூட்டி வைத்துக்கொண்டு, ரத்தினம் திருட்டுத்தனமாகச் சப்பாத்தோடு ஏறியிருக்கிறான், அதனால்தான் சரஸ்வதி அவன் வாயைக் கட்டிவிட்டாள் என்றார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி குத்தம் பட்டவன் பக்கத்தில் போகாதீர்கள் என்று பேச்சாகிவிட்டது. ஒரே கம்பெனியில் ஒரே பானைச் சோறு தின்றவர்களில் ஒருத்தரும் உன்னைப் பார்க்க வரவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் போதும். எனக்கு எந்தச் சரஸ்வதியும் வாயைக் கட்டவில்லை. நானே மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மறைந்து மறைந்து உன்னைப் பார்க்க வந்தேன். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உனக்கு இசிவு வந்து உடம்பு வில்லாக வளைகிறது என்றார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அப்பாடா, என்மேல் வருத்தம் இல்லை என்று நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி ஆள், நம்மவர்தான், மெதுவாகச் சொன்னார்: "சிரிக்கலீங்க. நோவு மூஞ்சிய இழுத்து வெச்சிருக்கு."

உன் கண்ணில் மட்டும் நீ இருந்தாய். அது என்ன கேட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரு அண்ணே என்றது. அன்றைக்குத்தான் நாடகம் ஆரம்பம். வாத்தியார் ஒரு வாரம் தள்ளிவைத்து, பின்பாட்டுக்காரன் ஒருவனுக்குத் துரைசாணி வேஷத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். வந்துவிடுகிறேன் என்று உன் காதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கொட்டகை நிரம்பி வழிந்தது ரத்தினம். உன்னால்தான். உன் காலைக் காவு வாங்கிய சப்பாத்தைப் பார்க்க வந்த கூட்டம். அந்தச் சப்பாத்தையே கழுவி, முன்பக்கம் துணி திணித்து, பின்பாட்டுக்காரன் போட்டுக்கொண்டான். சத்தம் கணீரென்று கேட்கட்டும் என்று வாத்தியார் பாயையும் எடுக்கச் சொல்லிவிட்டார். சரஸ்வதிக்கு அன்றைக்கு மட்டும் தோல் பரவாயில்லை போலிருக்கிறது. நானும் என் சிவப்புக் குதியோடு ஏறினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அது கலை ஆகிவிட்டது. நான் அரிதாரம் பூசிக்கொண்டிருந்த நேரத்தில் நீ போய்விட்டாய் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

உன் வீட்டுக்குப் போன கடுதாசி என் கையெழுத்து. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினேன். சாமி குத்தத்தால் மரணம் என்று எழுதினேன். ஒரு வரி எழுதும்போதாவது கை நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எழுத்தும் குண்டு குண்டாக, அழகாகவே இருந்தது.

கம்பெனி பினாங்குக்குப் போயிற்று. நான் போகவில்லை. உன் மேலுள்ள பாசத்தால் தங்கிவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். வேறு ஒருவனை மேடையில் பெண்டாட்டி என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். உன்னைக் கேலிக் கதையாக்கியது ஏன் என்று கேட்பாய். முதலில் ஒரு தரம் யாரோ கேட்டார்கள், அழுகை வந்துவிடும் போலிருந்தது, சிரிப்பாகச் சொல்லித் தப்பித்தேன். சிரித்தார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது.

இப்போது பவளத்துக்கு வருகிறேன். அந்தக் கடுதாசியை ஊர்க் கோயில் வாசலில் வைத்து உரக்கப் படித்தார்களாம். உன் அண்ணன்மார் கருமாதி செய்ய மறுத்துவிட்டார்கள். சாமி குத்தம் பட்டவன் பெண்டாட்டி என்று நல்லது கெட்டது எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. கிணற்றடியில்கூட அவள் இறைத்துவிட்டுப் போனபிறகுதான் மற்றவர்கள் வந்தார்களாம். ஐந்து வருஷம் பொறுத்திருக்கிறாள். ஆள் பிடிக்கக் கங்காணி வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள். விரல் நுனியெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருந்தது.

அவள் என்னைத் திட்ட வரவில்லை. அவளுக்கு ஒன்று தெரியவேண்டும்.

"வெறும் ஒத்திகைன்னாலும் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவாரு அண்ணே. என்கிட்ட எத்தனையோ தரம் சொல்லிருக்காரு. அவரு செருப்போட ஏறினாருன்னு என் மனசு ஒப்பல. நீங்கதான் கூடவே இருந்தவுக. நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

ஏழு வருஷம் கழித்து, வாத்தியார் இல்லை, கம்பெனி இல்லை, பயப்பட ஒரு ஆள் இல்லை. அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பார்க்கலம்மா" என்றேன். ஏறவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. பஜனைக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. தைப்பூசத்துக்கு மாலை போடுகிறார்கள். ராஜபார்ட் ஐயா என்கிறார்கள். அது போய்விடுமே என்று இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்று பழமொழி சொல்வார்கள். இங்கே அவள் புருஷன்தான் அரசனை நம்பிக் கெட்டான்.

போகும்போது திரும்பி நின்று இன்னொன்று கேட்டாள். கடைசி நேரத்தில் உன் பக்கத்தில் யார் இருந்தது என்று. "நான்தாம்மா இருந்தேன். என் மடியிலதான் தலை இருந்துச்சு," என்றேன். கும்பிட்டாள் ரத்தினம். குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

பஜனைக் கூட்டத்துக்கு இந்த வாரம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன், பொய் சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் நேற்று அச்சுக்கூடத்துக்காரரிடம் பேசிவிட்டேன். அதுவரை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இதைப் போட்டா உங்க மானம் போயிடும் ஐயா" என்றார். போகட்டும் என்றேன். என்னிடம் இருந்தது மானமா என்ன? சப்பாத்துக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இதையும் கேட்கவேண்டும். சிரிக்க வைத்தவன்தான் சொல்லவேண்டும்.

நீ அங்கே இருந்து மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும். உன் குணம் அப்படி. அதனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அது சுலபமான வேலை. பவளம் மன்னிப்பாளா என்பதும் எனக்குத் தெரியாது. காறித் துப்பலாம். பால் வெட்டுகிற கத்தி கையிலேயே இருக்கும். இந்த ஏழு வருஷத்தில் அவள் இழந்த எதையும் என்னால் திருப்பித் தர முடியாது. ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிராஞ்சிக்குப் போகிறேன். லயத்து வாசலில், அவள் தனியாக இருக்கும்போது அல்ல, கதை கேட்டுச் சிரித்த அத்தனை பேரும் இருக்கும்போது சொல்லுவேன். பலகைமேல் ஏறியது உன் புருஷன் இல்லை அம்மா, நான். ரோட்டில் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை அவன் வாங்கிக்கொண்டான். அவன் தலை என் மடியில் இல்லை. யார் மடியிலும் இல்லை. இருட்டறையில் தனியாகச் செத்தான். பொய்க்காக நீ தொட்ட கால் இது, அந்தக் கும்பிடை நான் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அவள் காலில் விழுவேன். இது சத்தியம். இந்த ஒரு தடவை, வந்துவிடுகிறேன் என்று சொன்னால் வருவேன்.

இப்படிக்கு,
உனக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் தகுதி பெறப்போகிற
நாகலிங்கம்